எதிர்ப்பு உள்ளது

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு நான் போனபோது அப்பாவின் அறைக் கதவில் ஒரு மஞ்சள் அட்டை ஒட்டியிருந்தது. "உள்ளே நுழையும் முன் செவிலியரைப் பார்க்கவும்" என்று அதில் போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த அட்டை இல்லை. கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை, அதன் மேல் கையுறைப் பெட்டி, மடித்து வைத்த நீல மேலங்கிகள், கை துடைக்கும் திரவம். அவையும் ஞாயிற்றுக்கிழமை இல்லை. நடுவில் இருந்தது ஒரே ஒரு திங்கட்கிழமைதான், அன்றைக்கு எனக்கு இரட்டை ஷிஃப்ட். நான் வராத நாளாகப் பார்த்து என்னவோ நடந்திருக்கிறது என்று அங்கே நின்றபடியே முடிவு கட்டிவிட்டேன்.

என் குணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் விமான நிலையத்தில் பெட்டி சோதிக்கிறவள். பத்தொன்பது வருஷமாக ஊரார் பெட்டியைத் திறந்து, இது என்ன, இது யாருடையது, நீங்களே அடுக்கினீர்களா என்று கேட்டே சம்பளம் வாங்குகிறேன். சிரித்துக்கொண்டே வருகிறவனைத்தான் முதலில் நிறுத்துவேன். வேலையில் பிடித்த புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. அப்பா இருக்கிற இந்த முதியோர் இல்லத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர்கூட உண்டு. நான் லிஃப்ட்டைவிட்டு வெளியே வந்ததும் சமையலறைப் பெண் "சோதனை வந்துடுச்சு" என்று உள்ளே குரல் கொடுப்பாள். என் வேலையைச் சொல்கிறாளா, தன் தலையெழுத்தைச் சொல்கிறாளா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் இரண்டும்தான் என்பாள்.

செவிலியரைப் பார்க்கவாவது, மண்ணாவது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

அது இரண்டு கட்டில் போட்ட அறை. ஜன்னலோரம் அப்பா. கதவோரம் ரேடியோ மாமா. அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை வாய் மூடாததால் அந்தப் பெயர். அவருக்கு யாரும் வருவதில்லை, எப்போதாவது ஒரு அண்ணன் மகன் தலையைக் காட்டுவதோடு சரி. அன்றைக்கு மாமாவின் கட்டில் காலியாக இருந்தது. மெத்தையைக்கூட எடுத்துவிட்டு, கட்டிலை மூக்கைத் துளைக்கிற ஏதோ ஒரு மருந்து போட்டுத் துடைத்திருந்தார்கள்.

"அப்பா, ரேடியோ மாமா எங்க?"

அப்பா மெல்லக் கண்ணைத் திறந்தார். நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஒன்றரை வருஷத்துக்கு முன் வந்த பக்கவாதம் வலது கையையும் வலது காலையும் பிடுங்கிக்கொண்டு, பேச்சையும் பாதியாக்கிவிட்டது. "மா...த்திட்டாங்க" என்றார். ஏன் என்று கேட்டேன். கண் மறுபடி மூடிக்கொண்டது. நெற்றியில் கை வைத்தேன். சுட்டது.

"கையுறை போட்டுக்கங்கம்மா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. பெரிய சிஸ்டர். இங்கே வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது, அதற்குள் மாடி முழுக்க அவள் சட்டம்.

"எங்கப்பாவைத் தொட எனக்கு எதுக்கு சிஸ்டர் கையுறை?"

"அப்பாவுக்காக இல்ல. அடுத்து நீங்க எதைத் தொடுவீங்களோ, அதுக்காக."

"ரேடியோ மாமாவுக்கு என்ன ஆச்சு?"

"வேற ரூமுக்கு மாத்தியிருக்கோம். அதுக்கு மேல அவரைப் பத்தி நான் உங்ககிட்ட பேசக்கூடாது."

பேசக்கூடாது. என் மேசையில் ஒருவன் இந்த வார்த்தையைச் சொன்னால் அவன் பெட்டியின் உள்துணியைக்கூடக் கிழித்துப் பார்ப்போம். ரேடியோ மாமாவுக்கு என்னவோ ஒட்டுநோய், அதை அப்பாவுக்கு ஒட்டவைத்துவிட்டார்கள், இப்போது மாமாவை ஒளித்துவைத்துவிட்டுப் பூசி மெழுகுகிறார்கள். இதுதான் எனக்குத் தோன்றியது.

சிஸ்டர் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அப்பாவுக்கு நேற்று சாயங்காலத்திலிருந்து காய்ச்சல். குளிர் நடுக்கமும் இருக்கிறது, ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சிறுநீரகம் பக்கம் கைவைத்தால் வலிக்கிறது என்கிறார். போன வாரம் எடுத்த சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ட்ரிப்ஸில் மருந்து ஏற்ற வேண்டும், அதுவும் இன்றைக்கே. டாக்டரும் போனில் அதைத்தான் சொன்னார். கையெழுத்துப் போடுங்கள்.

டாக்டர் என்றால் வியாழக்கிழமை டாக்டர். வியாழன்தோறும் வந்து ஒரு மணி நேரத்தில் நாற்பது பேரைப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் போன்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா இந்தக் கட்டில் என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

சிஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "கட்டிலா?"

அந்தக் கட்டிலுக்குக் காத்திருக்கிறவர்கள் பட்டியல் எனக்குத் தெரியாதா? போன மாதம் ஒரு கணவனும் மனைவியும் நல்ல உடுப்பில் வந்து, அறை அறையாகப் பார்த்து, அப்பாவின் ஜன்னலருகே நின்று "நல்ல வெளிச்சம்" என்று சொன்னதை இந்தக் காதால் கேட்டேன். அவர்கள் வீட்டுப் பெரியவருக்கு ஒரு கட்டில் வேண்டும், எங்கள் வீட்டுப் பெரியவரை ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிட்டால் ஒரு கட்டில் கிடைக்கும். இதைக் கூட்டிப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

"வழக்கமா குடுக்கற மாத்திரையைக் குடுங்க சிஸ்டர். சிவப்பும் வெள்ளையுமா இருக்குமே, அது."

"இந்தத் தடவை அது கேக்காதும்மா."

"எட்டு மாசமா கேட்ட மாத்திரை இன்னிக்கு மட்டும் எப்படிக் கேக்காமப் போகும்?"

அந்த மாத்திரையின் சரித்திரத்தை இங்கே சொல்ல வேண்டும். எட்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் நாலு மணிக்கு வந்தபோது அப்பா துவண்டு கிடந்தார். கேட்டதற்குப் பதில் இல்லை. கட்டிலில் மாட்டியிருந்த பாட்டிலில் சிறுநீர் கொஞ்சமாக, கலங்கிப்போய், வாடை அடித்தது. "அப்பா சரியில்ல" என்றேன். அப்போது இருந்த பழைய சிஸ்டர் தங்கமானவள். நான் வாயை மூடுவதற்குள் பரிசோதனைக்கு அனுப்பி, கிருமி இருக்கிறது என்று சொல்லி, ஏழு நாள் மாத்திரையை ஆரம்பித்துவிட்டாள். வேளாவேளைக்கு சின்னக் காகிதக் கிண்ணத்தில் மாத்திரையும் பெரிய டம்ளரில் தண்ணீரும் வரும், பக்கத்தில் நின்று முழுக்கக் குடிக்க வைப்பார்கள். மூன்றாம் நாள் அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு எனக்குக் கண் பழகிவிட்டது. துவண்டு கிடக்கிறாரா, பாட்டில் கலங்கியிருக்கிறதா, "அப்பா சரியில்ல" என்று உடனே போய் நிற்பேன். இப்படி நாலு தடவை.

ஐந்தாவது தடவைக்குள் இந்தப் பெரிய சிஸ்டர் வந்துவிட்டாள். காய்ச்சல் இருக்கா, எரியுதா, வலிக்குதா என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்தாள். எதுவும் இல்லை என்றால் இரண்டு நாள் தண்ணீர் நன்றாகக் கொடுத்துப் பார்ப்போம் என்றாள். "வயசானவங்க சிறுநீர்ல கிருமி இருக்கறது சகஜம்மா. அது பாட்டுக்குக் குடியிருக்கும், தொல்லை பண்ணாது. நாமா போய்க் கிளப்பிவிட வேணாம்" என்றாள். வீட்டுக்குள் திருடன் இருக்கிறான், தொல்லை பண்ணாதவரை இருக்கட்டும் என்று யாராவது சொல்வார்களா? என் அப்பாவுக்கு ஒரு மாத்திரை கொடுக்க இவளுக்கு என்ன கஞ்சத்தனம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலிடத்துக்கு எழுதுவேன் என்றேன். டாக்டரை போனில் பிடித்து நானே பேசினேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டார், மாத்திரை வந்தது.

நான் வெறும் வாய் மட்டும் அல்ல, வேலையும் செய்வேன். இங்கே இருக்கிற ஆட்கள்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. வந்தவுடன் அப்பாவின் பாட்டிலை நானே எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டி அலசி மாட்டுவேன். போர்வையை உதறுவேன். அப்படியே ரேடியோ மாமாவின் தலையணையையும் சரி செய்வேன், அவர் கை நடுக்கத்துக்கு பிஸ்கட் பொட்டலம் பிரிக்க வராது, பிரித்துக் கையில் கொடுப்பேன். "பெட்டிப் பொண்ணு வந்தாதான் எனக்கு பிஸ்கட்டு" என்பார். பெற்ற பிள்ளைகள் எத்தனை பேர் இதைச் செய்வார்கள் என்று எனக்கு உள்ளூர ஒரு கர்வமும் இருந்தது.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கையெழுத்துப் போடவில்லை.

"வியாழக்கிழமை டாக்டர் நேர்ல வந்து பார்க்கட்டும். அப்புறம் பேசலாம்" என்றேன்.

"வியாழக்கிழமை வரைக்கும் தாங்காதும்மா."

"ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு என்கிட்ட சொல்றீங்க."

சிஸ்டருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அப்பாவிடம் குனிந்து, "ஐயா, நீங்க என்ன சொல்றீங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்று கேட்டாள். அப்பா என்னைக் காட்டினார். பொண்ணு சொல்றபடி, என்று அதற்கு அர்த்தம். சிஸ்டர் நிமிர்ந்தாள்.

"சரி, ஒண்ணு சொல்றேன். அழுத்தம் இன்னும் இறங்கினா நான் உங்க கையெழுத்துக்குக் காத்திருக்க மாட்டேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுட்டுதான் உங்களைக் கூப்பிடுவேன்." ஒரு உறையை நீட்டினாள். "பரிசோதனை முடிவு. குடும்பத்துக்குன்னு தனியா ஒரு பிரதி குடுக்கறாங்க. நிதானமா படிச்சுப் பாருங்க. புரியலன்னா எப்ப வேணும்னாலும் போன் பண்ணுங்க."

கேட்காமலே காகிதத்தைக் கொடுக்கிறாளே, இதில் என்ன சூது என்று யோசித்துக்கொண்டே வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல், சமையலறை மேசையில் வைத்துப் பிரித்தேன். ஒரே ஒரு தாள். மேலே அப்பாவின் வயது, அறை எண், மாதிரி: சிறுநீர். அதன் கீழே இரண்டு பத்தியில் ஒரு அட்டவணை. இடது பக்கம் "சோதிக்கப்பட்டவை" என்று போட்டு வாயில் நுழையாத பதினொரு பெயர்கள். வலது பக்கம் "நிலை" என்று போட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. முதல் வரியில் "எதிர்ப்பு உள்ளது". இரண்டாவதில் "எதிர்ப்பு உள்ளது". மூன்றாவதிலும் அதே. விரலை வைத்து எண்ணினேன். ஒன்பது இடத்தில் எதிர்ப்பு உள்ளது, கடைசி இரண்டில் மட்டும் எதிர்ப்பு இல்லை.

முதலில் நம்ப முடியவில்லை. மறுபடி எண்ணினேன், ஒன்பதேதான்.

சோப்பு விளம்பரம், பால்பவுடர் விளம்பரம், பல்பொடி விளம்பரம், எதைப் பார்த்தாலும் எதிர்ப்பு சக்தி எதிர்ப்பு சக்தி என்றுதான் கூவுகிறார்கள். அது வேண்டும் என்றுதான் ஊரே கசாயமும் பழச்சாறுமாக அலைகிறது. என் அப்பாவுக்கு எண்பத்தொரு வயதில், பாதி உடம்பு செயலிழந்த நிலையில், பதினொரு கிருமியில் ஒன்பதுக்கு எதிர்ப்பு இருக்கிறது. மீதி இரண்டில் ஏதோ ஒன்று லேசாகக் காய்ச்சலைக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். இதை மறைத்துத்தான் தாங்காது, இறங்குது, ட்ரிப்ஸ் என்று என்னைப் பயமுறுத்தியிருக்கிறாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். எனக்குச் சந்தோஷத்தில் சாப்பாடுகூட இறங்கவில்லை. அப்படியே உட்கார்ந்து மேலிடத்துக்கு ஒன்றரைப் பக்கம் புகார் எழுதினேன். "என் தந்தையின் உடல் எதிர்ப்பு மிக நல்ல நிலையில் இருப்பது பரிசோதனையிலேயே தெளிவாக உள்ளபோதும்" என்று ஒரு வாக்கியம் அதில் வரும். எழுதிவிட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்தேன், அவ்வளவு பிடித்திருந்தது.

சந்தேகம் பிடித்தவளுக்கு, தனக்குச் சாதகமாக வருகிற காகிதத்தின்மேல் மட்டும் சந்தேகமே வராது. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, வேலைக்குப் போகும் வழியில், உறையும் புகாருமாகப் போய் இறங்கினேன். பஸ் இரைச்சலில் பையிலிருந்த போன் அடித்தது கேட்கவில்லை. பிறகு பார்த்தபோது சிஸ்டரிடமிருந்து ஆறு அழைப்பு இருந்தது. இல்லத்தின் வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. எனக்குப் புரிந்துவிட்டது. படிக்கட்டில் ஓடினேன். மூன்றாம் மாடியில் லிஃப்ட் திறந்திருந்தது, உள்ளே தள்ளுகட்டிலில் அப்பா, தலைமாட்டில் ஆம்புலன்ஸ்காரர், கால்மாட்டில் பெரிய சிஸ்டர். கதவு மூடப் போனது. நான் காலை வைத்தேன்.

கதவு என் காலில் முட்டித் திறந்தது.

"எங்க கொண்டு போறீங்க? எல்லாம் எனக்குத் தெரியும்" என்று உறையிலிருந்து தாளை உருவினேன். "ஒன்பது சிஸ்டர். பதினொண்ணுல ஒன்பதுக்கு எதிர்ப்பு இருக்கு. நல்லா இருக்கற மனுஷனை எதுக்குக் கொண்டு போறீங்க? யாருக்குக் கட்டில் வேணும்?"

கதவு மறுபடி மூட வந்து, மறுபடி என் காலில் முட்டித் திறந்தது. ஆம்புலன்ஸ்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்பாவின் உதடு வெளிறி, தாடை கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் அவர் கண் என் காலின் மேல் இருந்தது.

"கத...வை விடும்மா" என்றார். "மோட்டார்... போயிடும்."

சிஸ்டர் என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. கத்தவில்லை. தன் விரலை இடது பத்தியின் மேல் வைத்தாள்.

"இதெல்லாம் கிருமி இல்லம்மா, மருந்து. பதினொரு மருந்து. இந்த எதிர்ப்பு உங்கப்பாவுக்கு இல்ல. கிருமிக்கு."

எனக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

"ஒன்பது மருந்தைக் கொடுத்தாலும் அது சாகாது, எதிர்த்து நிக்கும். மேல இருந்து மூணாவது இருக்கே, அதுதான் நேத்து நீங்க கேட்ட சிவப்பு வெள்ளை மாத்திரை. பாக்கி ரெண்டுதான் இருக்கு. ரெண்டும் ட்ரிப்ஸ்ல ஏத்தறது, தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்து ஏத்தணும், இங்க முடியாது. காலை எடுங்க."

எடுத்தேன். லிஃப்ட்டுக்குள் நானும் நுழைந்துகொண்டேன். கதவு மூடியது. கீழே போய்ச் சேருவதற்குள் லிஃப்ட் சுவரில் சம்மதப் படிவத்தை வைத்து அவள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒரு ராத்திரி முழுக்க. நேற்று நாலு மணிக்குப் போட்டிருக்க வேண்டியதை இன்று காலையில் போடுகிறேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

ஆம்புலன்ஸில் சிஸ்டர் என் மடியில் ஒரு ஃபைலை வைத்தாள். "ஆஸ்பத்திரியில இதைக் குடுங்க. இதுவரைக்கும் எந்தெந்த மருந்து, எத்தனை நாள்னு கேப்பாங்க."

வழியிலேயே திறந்து பார்த்துவிட்டேன். திறந்து பார்ப்பதுதானே என் பிழைப்பு. ஐந்து வரிகள் இருந்தன. தேதி, மருந்து, நாட்கள், ஆரம்பித்ததற்குக் காரணம். முதல் நாலு வரியிலும் காரணம் பழைய சிஸ்டரின் உருண்டைக் கையெழுத்தில் ஒரே மாதிரி இருந்தது: "காய்ச்சல் இல்லை. வலி இல்லை. சரியில்லை என்று மகள் சொன்னார்." ஐந்தாவது வரி பெரிய சிஸ்டரின் கையெழுத்து: "காய்ச்சல் இல்லை. வலி இல்லை. இப்போது வேண்டாம் என்று சொன்னேன். மகள் டாக்டரிடம் பேசினார்."

அதில் பொய் என்று ஒரு எழுத்து இல்லை.

ஆஸ்பத்திரியில் ஃபைலை வாங்கிப் படித்த டாக்டர் சின்னப் பெண். என் மகள் வயதுகூட இருக்காது. "அஞ்சு தடவையும் காய்ச்சல் இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப எதுக்குக் குடுத்தாங்க?" என்றாள், திட்டுவதற்காக அல்ல, தெரிந்துகொள்வதற்காக. நான் கேட்டதால் என்றேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள். ஒவ்வொரு தடவை அந்த மாத்திரை உள்ளே போனபோதும் சாதுவான கிருமி செத்தது, சாகாதது மட்டும் இடம்பிடித்துப் பெருகியது, இப்போது அதுதான் சிறுநீரகம்வரை ஏறியிருக்கிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னாள். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

இரண்டு நாள் அப்பா யாரையும் அடையாளம் காணவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. சனிக்கிழமை காலை என்னைப் பார்த்து, "வேலைக்குப்... போகலையா?" என்று கேட்டார். நான் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். இன்னும் நாலு நாள் ஏற்ற வேண்டும், மருந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும் என்றார்கள். ஆனாலும் பிழைத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று மத்தியானம் அப்பாவின் மூக்குக் கண்ணாடியையும் பல்செட்டையும் எடுத்துவர இல்லத்துக்குப் போனேன். ஜன்னலோரக் கட்டில் அப்படியே இருந்தது. யாரும் வந்து படுத்துவிடவில்லை. தலைமாட்டில் அப்பாவின் பெயரட்டைகூடக் கோணாமல் இருந்தது. யாரும் சொல்லாமலே மேலங்கி, கையுறை, மாஸ்க் எல்லாம் மாட்டிக்கொண்டு எடுத்தேன், கழற்றிப் போட்டுக் கையைத் துடைத்தேன்.

பெரிய சிஸ்டர் தாழ்வாரத்தில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், ரேடியோ மாமாவுக்கும் இதேதானா?"

"அவரைப் பத்தி நான் பேசக்கூடாதும்மா."

"யார் மூலமா போயிருக்கும்?"

அவள் பேனாவை மூடினாள். "உறுதியா சொல்ல முடியாது. ஒரே ரூம், ஒரே கழிப்பறை. எங்க ஆளுங்க கையா இருக்கலாம். என் கையாக்கூட இருக்கலாம்." என் கையை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

தாழ்வாரத்தின் கடைசி அறையில் மஞ்சள் அட்டை இருந்தது. மறுபடி எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றேன். மாமா பாதியாக இளைத்திருந்தார். கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது, பக்கத்தில் ஒரு நர்ஸ் அளவைச் சரிபார்த்துவிட்டு வெளியே போனாள்.

"யாரு, பெட்டிப் பொண்ணா? வா வா. முகமூடிக் கொள்ளைக்காரி மாதிரி வந்திருக்கே. உங்கப்பன் எப்படி இருக்கான்?"

"தேறிட்டார் மாமா. பேசறார். உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலையா?"

"போயிட்டுதான் வந்தேன். என் கிட்னி ஏற்கெனவே லொடலொடன்னு இருக்காம், முழு மருந்து தாங்காதாம். பாதிதான் ஏத்தறாங்க. கேக்குதோ கேக்கலையோ, பார்க்கலாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க, ஆஸ்பத்திரியிலேருந்து தினமும் ஒரு நர்ஸம்மா இங்க வந்து ஏத்தறா. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவனுக்குக் கடைசில அரை டிக்கெட்." சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "ஒண்ணு சொல்றேன் கேளு. அவனைத் தண்ணி குடிக்கச் சொல்லு. நீ சொன்னாதான் கேப்பான்."

"குடிக்க மாட்டாரா?"

"நீ வர்ற நாள்ல மத்தியானத்துக்கு மேல ஒரு சொட்டு தொட மாட்டான். நாலு மணிக்கு என் பொண்ணு வருவா, வந்ததும் வராததுமா பாட்டிலைத் தூக்கிக்கிட்டு அலைவா, பெத்த பொண்ணு கையில அதைக் குடுக்கறது அசிங்கமா இருக்குடான்னு சொல்வான். பாட்டில் காலியா இருந்தா நீ தொட மாட்டேல்ல, அதுக்குத்தான். வாய் வறண்டு, துவண்டு கிடப்பான். நீ அந்தப் பக்கம் போனதும் ரெண்டு டம்ளர் மடமடன்னு குடிச்சிட்டு எழுந்து உக்காருவான்."

எட்டு மாதமாக நான் சரியில்லை சரியில்லை என்று கண்டுபிடித்தது, நான் வருவதால் வந்த சரியில்லை.

"என்கிட்ட ஏன் மாமா சொல்லல?"

"சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டான். நான் ஊரெல்லாம் பேசுவேன். இதை மட்டும் பேசல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, கிட்டே வா என்பதுபோல் விரலை ஆட்டினார். "இந்தக் கிருமியை யாரு கொண்டுவந்து எனக்கு ஒட்டவச்சாங்கன்னு கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. எனக்கு அந்தச் சமையலறைப் பொண்ணு மேலதான் சந்தேகம். அவ கை கழுவி நான் பார்த்ததே இல்ல. அண்ணன் பையன் நாளைக்கு வர்றான், அவனை வச்சு மேலிடத்துக்கு எழுதப் போறேன். இன்னொருத்தருக்கு இந்த கதி வரக்கூடாது பாரு. நீயும் ஒரு கையெழுத்துப் போடு, உனக்குதான் இதெல்லாம் நல்லா எழுத வருமே."

"அவ இல்ல மாமா."

"பின்னே யாரு?"

"நான்தான்."

"மாஸ்க்குல ஒண்ணும் கேக்கல. சத்தமா சொல்லு."

எனக்குப் பின்னால் மதியச் சாப்பாட்டுத் தள்ளுவண்டி வந்துகொண்டிருந்தது. சமையலறைப் பெண்தான் தள்ளி வந்தாள், அவள் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும். பெரிய சிஸ்டரும் எழுதுவதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தாள். மாஸ்க்கைக் கீழே இறக்கக் கூடாது என்பதால் வயிற்றிலிருந்து குரலை எடுத்தேன்.

"நான்தான் மாமா. தேவையில்லாம அஞ்சு தடவை மாத்திரை கேட்டு வாங்கினது நான். அப்பா பாட்டிலைக் கொட்டின கையோட உங்க பிஸ்கட்டைப் பிரிச்சுக் குடுத்ததும் நான்தான்."

தள்ளுவண்டி நின்றது. மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று நான் வாசலிலேயே நின்றேன்.